ஒன்றரை அங்குலக் கத்தி போதுமா?

ஜவுளிக்கடையில் துணி கிழிப்பதைப் பார்த்திருப்பீர்கள். இரண்டரை மீட்டர் அளந்ததும் கடைக்காரர் ஓரத்தில் ஓர் அங்குலம் மட்டும் கத்தரிப்பார். பிறகு கத்தரியைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கையாலும் பற்றி ஓர் இழுப்பு. சர்ரென்று மறு ஓரம் வரை நேராகக் கிழிந்துவிடும். அந்த ஓர் அங்குல வெட்டைப் போடாமல் அதே துணியைக் கிழித்துத் தரச் சொல்லுங்கள். இரண்டு பேர் எதிரெதிரே நின்று இழுத்தாலும் லேசில் நடக்காது.

ஷாம்பு பாக்கெட்டிலும் இதே கதைதான். கடலூர் சின்னி கிருஷ்ணன் போன்றவர்கள் சிறு பொட்டலத்தில் ஷாம்பு விற்கும் வழக்கத்தைத் தொடங்கிவைத்த நாளிலிருந்து நாமெல்லாம் ஈரக் கையோடு அதனுடன் மல்லுக்கட்டுகிறோம். ஓரத்தில் ஒரு சின்ன வெட்டு இருந்தால் விரலாலேயே கிழிந்துவிடும். அந்த வெட்டைப் போடாமல் ஒரு பாக்கெட் வந்துவிட்டால், கடைசியில் பல்தான் துணை. மொத்த பாக்கெட்டின் உறுதியையும் ஒரு மில்லிமீட்டர் வெட்டு எப்படிக் காலி செய்கிறது?

இதற்கு விடை தெரிந்துவிட்டால் இன்னொன்றும் புரிந்துவிடும். சாவிக்கொத்தில் தொங்கும் பேனாக்கத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். விக்டோரினாக்ஸ் நிறுவனத்தின் கிளாசிக் என்ற சிறிய கத்தி மடக்கிய நிலையில் 58 மில்லிமீட்டர் நீளம், 21 கிராம் எடை. அலகு ஏறக்குறைய ஒன்றரை அங்குலம். ‘இதை வைத்துக்கொண்டு என்னத்தை வெட்டுவீங்க?’ என்று கேட்காத ஆள் இல்லை. ஆனால் கூரியர் பெட்டியின் ஒட்டுநாடா, புதுச் சட்டையில் விலைச்சீட்டைப் பிணைத்த நரம்பு, மளிகைப் பொட்டலத்துச் சணல், வயர்களைக் கட்டியிருக்கும் நைலான் பட்டை, மசாலாப் பொடி பாக்கெட், பென்சில் முனை என்று ஒரு நாளில் நமக்கு வரும் வெட்டு வேலையைக் கவனித்துப் பாருங்கள். சமையல் கட்டைத் தவிர்த்துவிட்டால், எல்லாமே மெல்லிய பொருள்கள். பெரும்பாலானவற்றில் நாம் செய்வது முழு வெட்டுகூட இல்லை. ஒரு கிழிசலைத் தொடங்கிவைக்கிறோம், மீதியைக் கை பார்த்துக்கொள்கிறது.

இந்தக் கிழிசலின் கணக்கை முதலில் போட்டவர் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த பொறியாளர் சார்லஸ் இங்லிஸ். அவருடைய கவலை கத்தி அல்ல, கப்பல். கப்பலின் இரும்புத் தகட்டில் கதவுக்கும் ஜன்னலுக்கும் வெட்டிய திறப்புகளின் மூலைகளில் விரிசல் விழுந்துகொண்டிருந்தது. 1913இல் அவர் வெளியிட்ட கட்டுரை, ஒரு தகட்டில் ஓட்டையோ வெட்டோ இருந்தால் அதைச் சுற்றி விசை எப்படிப் பரவுகிறது என்பதைக் கணக்கிட்டது.

ஒரு பொருளை இழுக்கும்போது அதன் உள்ளே ஒவ்வொரு துளியும் தாங்கும் சுமையைத் தகைவு என்கிறோம். குறையில்லாத தகட்டில் தகைவு எங்கும் ஒரே அளவு. நடுவே ஒரு வெட்டு விழுந்தால் அந்த இடம் சுமையைத் தாங்காது, அது ஏற்க வேண்டியதும் பக்கத்துப் பகுதியின் தலையில் விழும். தேர்த் திருவிழா அன்று வீதியோரம் ஒரு தள்ளுவண்டி நின்றால் என்ன ஆகும்? வீதி முழுவதும் நெரிசல் கூடுவதில்லை. வண்டியின் மூலையைச் சுற்றிக்கொண்டு போகும் இடத்தில்தான் மூச்சு முட்டுகிறது. வெட்டின் முனையிலும் அப்படித்தான். இதற்குத் தகைவுக் குவிப்பு என்று பெயர்.

இங்லிஸ் கண்டதில் முக்கியமானது, இந்தக் குவிப்பு வெட்டின் ஆழத்தை மட்டும் பொறுத்தது அல்ல, முனை எவ்வளவு கூர்மையானது என்பதையும் பொறுத்தது. வட்டமான ஓட்டை என்றால் அதன் விளிம்பில் தகைவு 3 மடங்கு. அதோடு சரி. ஆனால் ஒரு மில்லிமீட்டர் ஆழமும், முனையில் ஒரு மைக்ரான் அளவே வளைவும் கொண்ட வெட்டு என்றால் 60 மடங்கைத் தாண்டிவிடுகிறது. (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு மைக்ரான், தலைமுடியின் தடிமன் 50 முதல் 100 மைக்ரான் வரை.) கண்ணாடி போல் முறியும் பொருளுக்கு இந்தக் கணக்கு நன்றாகப் பொருந்தும். பிளாஸ்டிக் சற்று நீண்டு கொடுக்கும், துணியோ இழை இழையாக அறும். ஆனாலும் அடிப்படை அதுதான். விசை முழுவதும் முனையில் இருக்கும் சில இழைகள்மேல் இறங்குகிறது, அவை அறுந்ததும் அடுத்த இழைகள் முனையாகின்றன.

முனையில் இத்தனை மடங்கு ஏறுகிறது என்றால், சிறு கீறல் விழுந்த எதுவும் உடனே பிளந்துவிட வேண்டாமா? கண்ணாடி டம்ளரில் கீறல் இருந்தும் வருடக்கணக்கில் காப்பி குடிக்கிறோமே! இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டவர் இங்கிலாந்தில் ஃபார்ன்பரோ விமான ஆய்வுக்கூடத்தில் இருந்த ஏ.ஏ. கிரிஃபித். கண்ணாடியின் அணுக்களுக்கிடையே உள்ள பிணைப்பைக் கணக்கிட்டால் வர வேண்டிய வலிமையில் ஏறக்குறைய நூறில் ஒரு பங்குதான் சாதாரணக் கண்ணாடியில் இருக்கிறது. அவர் கண்ணாடியை உருக்கி மெல்லிய இழைகளாக இழுத்து ஒவ்வொன்றாக அறுத்துப் பார்த்தார். இழை மெலிய மெலிய வலிமை ஏறியது. மெல்லிய இழையில் பெரிய கீறலுக்கு இடமில்லை என்பதுதான் காரணம்.

1921இல் வெளியான அவருடைய கட்டுரை இதை ஆற்றல் கணக்காக மாற்றியது. விரிசல் ஒரு படி முன்னேறினால் இரண்டு புதிய பரப்புகள் உண்டாகின்றன. அவற்றை உண்டாக்க ஆற்றல் செலவாகும். இழுபட்டு நிற்கும் பொருள் தளர்வதால் கிடைக்கும் ஆற்றல் அந்தச் செலவை ஈடுகட்டினால்தான் விரிசல் ஓடும், இல்லாவிட்டால் அப்படியே நிற்கும். முறிவு இயங்கியல் என்று ஒரு துறையே இதிலிருந்து பிறந்தது. டம்ளர் பிழைத்திருப்பதும், துணி ஓர் அங்குல வெட்டுக்குப் பிறகு ஓடிக் கிழிவதும் ஒரே கணக்கின் இரு பக்கங்கள்.

பெட்டி ஒட்டும் பழுப்பு நாடாவைப் பாருங்கள். இழுத்தே நீட்டித் தயாரித்த பாலிபுரொப்பிலீன் அது. நேராக இழுத்தால் கை வலிக்குமே தவிர அறாது. ஓரத்தில் ஒரு கீறல் போட்டால் காகிதம் போலக் கிழியும். நாடாச் சுருளின் தாங்கியில் ரம்பப் பற்கள் வைத்திருப்பது இதற்காகத்தான். அந்தப் பற்களின் வேலையை எந்த இடத்திலும் செய்யும் கருவிதான் சட்டைப்பையில் இருக்கும் கத்தி.

கீறலைப் போடவும் அதிக பலம் வேண்டியதில்லை. நன்றாகத் தீட்டிய கத்தியின் வாய் ஒரு மைக்ரான் அகலம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு சென்டிமீட்டர் நீளத்துக்குப் பொருளின்மேல் படுகிறது, நீங்கள் ஒரு கிலோ எடை அளவுக்கு அழுத்துகிறீர்கள். அந்த ஒரு கிலோவைத் தாங்கும் பரப்பு, சதுர சென்டிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. அப்படியானால் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்குப் பத்து டன். கடலின் மிக ஆழமான மரியானா அகழியின் அடியில் இருக்கும் அழுத்தத்தைப் போல ஏறக்குறைய ஒன்பது மடங்கு. இந்தக் கணக்கில் கத்தியின் மொத்த நீளம் எங்கும் வரவில்லை என்பதைக் கவனியுங்கள்.

வெட்டுவதற்கு எஃகுகூடக் கட்டாயமில்லை என்பதை 2024இல் டென்மார்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் காட்டினார்கள். காகிதம் ஏன் விரலை வெட்டுகிறது என்பது அவர்களுடைய ஆராய்ச்சி. தோலுக்குப் பதிலாக ஜெலட்டின் கட்டியை வைத்து, பல தடிமனுள்ள தாள்களைப் பல கோணங்களில் அதன்மேல் செலுத்தினார்கள். மிக மெல்லிய தாள் மடங்கிவிடுகிறது. தடித்த தாளோ விசையைப் பரப்பிவிடுகிறது. இரண்டுக்கும் நடுவே, 65 மைக்ரான் அளவில் இருக்கும் தாள்தான் ஆபத்தானது. அந்தக் காலத்து டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் தாள் அந்த வகை. பத்திரிகைத் தாளும் அதிகம் பின்தங்கவில்லை. அதோடு விடாமல், அச்சிட்டுக் கழித்த தாளை அலகாக மாட்டி ஒரு கத்தியே செய்து, வெள்ளரிக்காயையும் ஆப்பிளையும் வெட்டிக் காட்டினார்கள். விஞ்ஞானிகளுக்கும் விளையாட்டு வேண்டும்தானே.

அடுத்தது தக்காளி. கத்தியை மேலிருந்து அழுத்தினால் தக்காளி நசுங்குகிறது, இழுத்து அறுத்தால் தோல் பிரிந்து வழிவிடுகிறது. அழுத்தும் விசை இரண்டிலும் நம் கையுடையதுதான். வேறுபாடு எங்கே?

இங்கிலாந்தில் ரெடிங் பல்கலைக்கழகத்தின் டோனி அட்கின்சும் உடன் பணியாற்றியவர்களும் செடார் பாலாடைக்கட்டியையும் சலாமி இறைச்சியையும் அறுத்து இதை அளந்து, 2004இல் வெளியிட்டார்கள். கத்தி கீழே இறங்கும் வேகத்துக்கும் பக்கவாட்டில் ஓடும் வேகத்துக்கும் உள்ள விகிதம்தான் முக்கியம் என்றார்கள். புதுப் பரப்பை உண்டாக்கும் செலவில் ஒரு பங்கைப் பக்கவாட்டு ஓட்டம் கட்டிவிடுகிறது. அதனால் கீழ்நோக்கி அழுத்த வேண்டிய விசை குறைகிறது. இதை இழுவை விகிதம் என்று வைத்துக்கொள்ளலாம்.

2012இல் ஹார்வர்டின் எல். மகாதேவனும் குழுவினரும் இன்னும் உள்ளே போனார்கள். மகாதேவன் சென்னை ஐ.ஐ.டி.யில் படித்தவர். கடைகளில் சைனா கிராஸ் என்று விற்கும் கடற்பாசியிலிருந்து எடுக்கும் அகர் கூழை உறையவைத்து, மெல்லிய கம்பியால் அறுத்தார்கள். நேராக அழுத்தியபோது கூழ் மிகவும் அமுங்கிய பிறகே முதல் விரிசல் விழுந்தது. பக்கவாட்டிலும் கம்பியை நகர்த்தினால், மொத்தக் கட்டியும் அதிகம் உருக்குலையாமல், கம்பியின் அருகில் மட்டும் இழுவிசை திரண்டு சீக்கிரமே விரிசல் தொடங்கிவிட்டது. தக்காளி நசுங்காத ரகசியம் அது.

சிறு கத்தி தோற்கும் இடமும் இங்கேதான் தெரிகிறது. இழுவை விகிதம் 3 என்று வைத்துக்கொள்வோம். ஐந்து சென்டிமீட்டர் தடிமனுள்ள ஒரு பழத்தை ஒரே இழுப்பில் அறுக்கப் பதினைந்து சென்டிமீட்டர் ஓட்டம் வேண்டும். ஒன்றரை அங்குல அலகுக்கு அது முடியாது. நாலைந்து தடவை முன்னும் பின்னும் இழுக்க வேண்டும், வெட்டு முகம் படிக்கட்டாக வரும். தடிமனான பொருளில் இன்னொரு தொல்லையும் உண்டு. வாய் உள்ளே போனதும் அலகின் இரு கன்னங்களையும் பொருள் கவ்விக்கொள்ளும், அந்த உராய்வைத் தாண்ட பலமும் நீளமும் வேண்டும். பூசணிக்கும் பலாவுக்கும் அரிவாள்மணையையோ பெரிய கத்தியையோதான் எடுக்க வேண்டும். பேனாக்கத்தியைக் கொண்டு பலாப்பழத்தோடு மோதுகிறவரிடம் எந்த இயற்பியலும் பேசிப் பயனில்லை. ஒட்டுநாடாவின் தடிமனோ மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு. அதே விகிதத்துக்கு ஒரு மில்லிமீட்டரில் ஆறில் ஒரு பங்குக்கும் குறைவான ஓட்டம் போதும்.

நீளம் குறைந்ததில் லாபமும் உண்டு. ஒரே தடிமனும் அகலமும் உள்ள இரண்டு அலகுகளில் ஒன்று மற்றதில் பாதி நீளம் என்றால், முனையில் ஒரே விசையைக் கொடுக்கும்போது குட்டை அலகு எட்டில் ஒரு பங்குதான் வளையும். வளைவு நீளத்தின் மும்மடிப் பெருக்கமாகக் கூடுகிறது என்பது ஒரு முனையில் பிடித்த உத்தரங்களுக்கான பழைய விதி. அதனால் சிறு கத்தியை மெல்லிசாகவே செய்யலாம், மெல்லிய அலகு பொருளுக்குள் எளிதாக நுழையும். கை சற்று நடுங்கினாலும், அலகு குட்டையாக இருந்தால் முனை நகரும் தூரம் குறைவு. அறுவைச் சிகிச்சையில் நுட்பமான சிறு கீறல்களுக்கு மருத்துவர்கள் எடுக்கும் 15ஆம் எண் அலகின் வெட்டும் பகுதி மிகச் சிறியது. அதைப் பேனா பிடிப்பதுபோல் பிடிக்கிறார்கள்.

எழுதுகிறவர்களுக்கும் சிறு கத்திக்கும் பழைய உறவு. ஐரோப்பாவில் இறகுப் பேனாவின் முனையைச் சீவ அதை வைத்திருந்தார்கள். நம் பக்கம் மடக்கெழுத்தாணி இருந்தது. ஒரு முனையில் ஓலையில் எழுதும் ஆணி, மறு முனையில் ஓலையை வாரும் சிறு கத்தி, இரண்டும் பிடிக்குள் மடங்கிக்கொள்ளும். இன்னும் பின்னோக்கிப் போனால் தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கத்துச் செம்மணல் தேரிகளில் குவார்ட்சிலும் செர்ட்டிலும் செய்த நுண்கற்கருவிகள் கிடைக்கின்றன. ஆய்வாளர்கள் ஜாய்னரும் பிரிட்ஜெட் ஆல்ச்சினும் 1956இல் அவற்றைப் பற்றி விரிவாக எழுதினார்கள். இலங்கையின் பாகியன்கல குகையில் கிடைத்த நுண்கற்கருவிகளில் மிகப் பழையவை ஏறக்குறைய 45 ஆயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை. ஒரு கல்லை ஒரே பெரிய கருவியாகச் செதுக்குவதைவிடப் பல சின்னச் சில்லுகளாக்கினால் அதே எடையில் பல மடங்கு வெட்டு வாய் கிடைக்கும். நல்ல கல் தூரத்திலிருந்து வர வேண்டிய ஊரில் இது சாதாரணச் சிக்கனம் இல்லை.

இன்றைய பைக்கத்தியின் உருவம் சுவிட்சர்லாந்தில் ஷ்விஸ் மாநிலத்து இபாக் கிராமத்தில் 1884இல் பட்டறை தொடங்கிய கார்ல் எல்செனரிடமிருந்து வந்தது. 1891இல் அவர் சுவிஸ் ராணுவத்துக்குக் கத்தி கொடுக்கத் தொடங்கினார். 1897இல் பதிவு செய்த அதிகாரிகள் கத்தியில்தான் அவருடைய கெட்டிக்காரத்தனம் இருக்கிறது. பிடியின் முதுகில் இருக்கும் எஃகு வில்லின் இரு பக்கத்தையும் பயன்படுத்தி, இரண்டே வில்களில் ஆறு கருவிகளை மாட்டினார். எடையும் தடிமனும் குறைந்தன.

இந்த வில் அலகைத் திறந்த நிலையிலும் மூடிய நிலையிலும் அழுத்தி நிறுத்துகிறது, பூட்டுவதில்லை. வாயால் அறுக்கும்போது விசை அலகைத் திறக்கும் திசையிலேயே தள்ளும், அதனால் ஆபத்து இல்லை. முனையால் குத்தித் துளைத்தால் அலகு விரல்மேல் மடங்கக்கூடும். குத்தும் வேலைக்கு இதை எடுக்காதீர்கள்.

உடம்போடு ஒட்டிக் கிடக்கும் கத்திக்கு வியர்வை பகை. 1913இல் ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி, துப்பாக்கிக் குழல் அரிப்பைத் தடுக்க வழி தேடியபோது, 12.8 சதவீதம் குரோமியம் கலந்த எஃகை வார்த்தார். குரோமியம் காற்றோடு சேர்ந்து சில நானோமீட்டர் தடிமனில் ஒரு படலமாகி எஃகைக் காக்கிறது. ஊர்க் கத்திப் பட்டறைக்காரர்கள் முதலில் அவரை, வெட்டாத கத்தியைக் கண்டுபிடித்தவர் என்று கிண்டல் செய்தார்களாம். கேலியில் கொஞ்சம் நியாயமும் இருந்தது, துருப்பிடிக்காத எஃகை நன்றாகக் கடினமாக்கும் பக்குவம் பின்னால்தான் கைவந்தது. எஃகின் கடினத்தை, வைரக் கூம்பால் அழுத்தி எவ்வளவு ஆழம் போகிறது என்று பார்த்து ராக்வெல் அளவுகோலில் சொல்வார்கள். விக்டோரினாக்ஸ் கத்தியில் அலகு 56, கத்தரிக்கோலும் ரம்பமும் 53, வில் 49. வில் வளைந்து மீள வேண்டும் என்பதால் அதை வேண்டுமென்றே மென்மையாக வைத்திருக்கிறார்கள்.

இவ்வளவு கடினமான வாய் ஏன் மழுங்குகிறது? சவர பிளேடைவிட முடி ஏறக்குறைய ஐம்பது மடங்கு மென்மையானது. ஆனாலும் பிளேடு மழுங்குகிறது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் கியான்லூகா ரோசியோலி தன் முகத்தையே சவரம் செய்து, ஒவ்வொரு முறையும் பிளேடை எலெக்ட்ரான் நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்த்தார். வாய் சீராகத் தேய்ந்து உருளும் என்று எதிர்பார்த்த இடத்தில் சின்னச் சின்னச் சில்லுகள் பெயர்ந்திருந்தன. எஃகு நுண் அளவில் எங்கும் ஒரே சீராக இல்லை. முடி சாய்ந்து விளிம்பில் ஒரு பலவீனமான இடத்தில் பட்டால் அங்கே விரிசல் விழுந்து சில்லு தெறிக்கிறது. 2020இல் இது வெளியானது. கத்தி பிறவற்றைப் பிளக்கும் அதே விதியால் தானும் பிளக்கிறது.

எனவே தீட்டிக்கொண்டே இருக்க வேண்டும். சாணைக்கல் இல்லாவிட்டால் பீங்கான் கோப்பையைக் கவிழ்த்து, அடியில் மெருகு பூசாத சொரசொர விளிம்பில் தீட்டலாம். பீங்கானில் இருக்கும் துகள்கள் எஃகைவிடக் கடினமானவை. ஒரு பக்கத்துக்கு 15 முதல் 20 பாகை வரை சாய்த்து, இரு பக்கமும் மாறிமாறி, அழுத்தாமல் இழுங்கள். மழுங்கிய கத்தியை வைத்துக்கொண்டு, அது குழந்தைக்கு ஆபத்தில்லை என்று நினைப்பவர்கள் உண்டு. மழுங்கினால் அதிக விசை கொடுப்போம், பொருள் திடீரென்று அறும்போது அந்த விசை முழுதும் கையை இழுத்துக்கொண்டு போய்விடும்.

விமானத்தில் போகிறவர்கள் மட்டும் சாவிக்கொத்தை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். 2013 மார்ச்சில் அமெரிக்க அரசு, 6 சென்டிமீட்டருக்கு உட்பட்ட சிறு மடக்குக் கத்திகளைக் கைப்பையில் அனுமதிக்கப்போவதாக அறிவித்தது. விமானப் பணியாளர்களின் எதிர்ப்பால் ஜூனிலேயே அதைக் கைவிட்டது. நம் விமான நிலையங்களிலும் கைப்பையில் கத்திக்கு இடமில்லை. சரக்கில் போடும் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள்.